தூங்கினாரா என்று கேட்டவள்

சென்னம்மா என்ற பெயர் அலர்மேல்மங்கையின் காதில் முதன்முதலாக விழுந்தது டெலிபோனில். இரண்டாயிரத்து ஏழாம் வருஷம், புரட்டாசி மாதம், அமாவாசைக்கு மறுநாள். அவளுடைய ஒரே மகன் வெங்கடரமணன் விமானம் ஓட்டுகிற வேலையில் சேர்ந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. காலையில் திருப்பதியில் பஸ் ஏறிப் போனவன், மத்தியானம் மீனம்பாக்கத்திலிருந்து பேசினான்.

"அம்மா, வந்து சேந்துட்டேன். சென்னம்மா மட்டும் இல்லைன்னா இன்னிக்கு என் மானமே போயிருக்கும்."

"யாருடா சென்னம்மா?"

"அப்புறம் சொல்றேம்மா. ப்ளைட்டுக்கு நேரமாச்சு."

வைத்துவிட்டான். இருபத்தேழு வயசுப் பிள்ளை, கல்யாணம் ஆகாதவன், ஒரு பெண் பேரைச் சொல்லிவிட்டு ஆகாயத்தில் ஏறிக்கொண்டால் பெற்றவள் என்ன செய்வாள்? அலர்மேல்மங்கை அன்றைக்குச் சாப்பிடவில்லை. சித்தூரில் இருக்கும் தம்பி சம்பத்துக்குப் போன் போட்டு மூக்கைச் சிந்தினாள்.

"தெலுங்குக்காரப் பொண்ணு போல கீதுடா. இனிமே நான் யார் முகத்துல முழிப்பேன்?"

சம்பத் சொன்னான்: "அக்கா, பேரு நம்ம ஆயா காலத்துப் பேரு மாதிரி கீது. முதல்ல வயசு இன்னான்னு கேளு. அப்புறம் அழலாம்."

மறுநாள் ரமணன் வந்து சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. சென்னம்மாவுக்கு முப்பத்திரண்டு வயசு. இரண்டு பிள்ளை பெற்றவள். சத்தியவேட்டுக்காரி. சுமோ ஓட்டுகிறவள்.

நடந்தது இதுதான். ரமணன் போன பஸ் பிச்சாட்டூரைத் தாண்டியதும் புகைந்து நின்றுபோனது. அடுத்த பஸ் எப்போது வரும் என்று கண்டக்டருக்கே தெரியாது. வெள்ளைச் சட்டையும் தோளில் கோடுமாகப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் நின்றவனைப் பார்த்து, காலியாகத் திரும்பிக்கொண்டிருந்த சுமோ ஒன்று நின்றது. உள்ளேயிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"எங்க போவணும் சாரு?"

"மீனம்பாக்கம். ஒரு மணிக்குள்ள போகணும். ஏரோப்ளேன் ஓட்டறவன் நான்."

"நீ போவலன்னா அது போவாதா?"

"போகும். வேற ஆள் ஓட்டுவாங்க. என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"அப்போ ஏறு."

பன்னிரண்டே முக்காலுக்கு வாசலில் இறக்கிவிட்டாள். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு வண்டியையும் முறைத்துக்கொண்டு முந்தவில்லை, ஆனால் எங்கேயும் நிற்கவும் இல்லை. அன்றிலிருந்து அவனுக்கு வேறு வண்டி கிடையாது.

இனி சென்னம்மா யார் என்று சொல்ல வேண்டும். அவள் சத்தியவேட்டுக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் இருந்த ரங்கையாவின் மூத்த மகள். ரங்கையாவின் தாய் வெதுருகுப்பத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகப் பிறத்தியார் மாந்தோப்பில்தான் வேலை. காணி நிலம்கூட இல்லை. ரங்கையாவின் கடைசிக் காலத்தில்தான் சர்க்கார் ஒரு ஏக்கர் பட்டா கொடுத்தது. சென்னம்மா தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தாள். பதினெட்டு வயசில் உமாபதிக்குக் கட்டிக் கொடுத்தார்கள். உமாபதி சொந்தத்தில் ஒரு டெம்போ வைத்து, சத்தியவேட்டு மாங்காயையும் கத்தரிக்காயையும் கோயம்பேட்டுக்கு ஏற்றிப் போகிறவன்.

தொண்ணூற்றொன்பதில், மாங்காய்க் காலத்தில், மூன்று ராத்திரி சேர்ந்தாற்போல் லோடு அடித்துவிட்டு, நான்காம் நாள் விடிகாலை, புத்தூர்ப் பக்கம் மாங்காய் ஏற்றி வரும் வழியில், நாகலாபுரத்துக்கு அருகே ஒரு புளியமரத்தில் டெம்போவைக் கொண்டுபோய் முட்டினான். குடிக்கவில்லை, வேகம் போகவில்லை. தூங்கிவிட்டான். உயிர் தப்பியது, வலது கால் முழங்காலோடு போயிற்று.

ஊரில் எல்லாரும் டெம்போவை விற்றுவிடச் சொன்னார்கள். சென்னம்மா விற்கவில்லை. நொறுங்கிய முன்பக்கத்தைத் தட்டி நிமிர்த்தச் சொல்லி, ஒற்றைக் காலோடு இருந்த புருஷனைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து, ஏரிக்கரையில் வண்டி ஓட்டப் பழகினாள். உமாபதி ஊன்றுகோலாலேயே பெடலைத் தட்டிக் காட்டுவானாம். தப்பாகக் கியர் போட்டால் அதே கோலால் அவள் முழங்காலில் ஒரு தட்டு. "நல்லா அடி, அதான் உனக்கு ஒண்ணு கம்மியாப் போச்சே, எனக்கும் ஒடிச்சிடு" என்று அவள் கத்த, கரையில் மாடு மேய்க்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆறே மாதத்தில் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். அந்தப் பக்கத்தில் பொம்பளை ஓட்டுகிற வண்டி அது ஒன்றுதான். பிறகு டெம்போ போய் சுமோ வந்தது.

ரமணன் வேலையைப் பற்றி அலர்மேல்மங்கைக்குப் புரியாத விஷயம் ஒன்று இருந்தது. ரேணிகுண்டாவில்தான் விமானம் வந்து இறங்குகிறதே. காலமான புருஷன் ரயில்வேயில் முப்பது வருஷம் வேலை பார்த்த அதே ரேணிகுண்டா. வீட்டிலிருந்து அரை மணி. அங்கே ஏறாமல் இவன் எதற்காக நாலு மணி நேரம் ரோட்டில் போய்ச் சென்னையில் ஏற வேண்டும்? ரமணன் 'பேஸ்' என்றான், 'ரோஸ்டர்' என்றான். ஒன்றும் ஏறவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று மோர் குடித்துக்கொண்டிருந்த சென்னம்மாதான் சொன்னாள்.

"எங்க ஊருக்குக்கூட டவுன் பஸ்ஸு வருது மா. டிரைவரு வந்து டீ குடிச்சுட்டுப் போறாரு. ஆனா அவரு டூட்டில கையெழுத்துப் போடறது புத்தூர் டிப்போவுல. சாருக்கு டிப்போ மீனம்பாக்கம்."

அலர்மேல்மங்கைக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது பிடிக்கவில்லை. தன் பிள்ளை பல மாதம் சொல்லிப் புரியாததை இவள் ஒரு டம்ளர் மோரில் சொல்லிவிட்டாள். அந்த டம்ளர்கூடத் தனி டம்ளர்தான். பின்கட்டுக் குழாயடியில் கவிழ்த்து வைத்திருப்பாள். உள்ளே வா என்று அவள் சென்னம்மாவைக் கூப்பிட்டதில்லை. சென்னம்மாவும் கேட்டைத் தாண்டினதில்லை.

சென்னைக்கே குடிபோய்விடலாமே என்று ரமணன் கேட்டுப் பார்த்தான். திருவேங்கடமலை கண்ணில் படாத ஊரில் ஒரு நாள்கூட இருக்கமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். அதனால் அவன்தான் போய் வந்துகொண்டிருந்தான். மாதக் கடைசியில் அடுத்த மாதத்து டூட்டி எழுதின ரோஸ்டர் தாள் வரும். அதில் ஒரு நகல் சென்னம்மாவுக்கு.

முதல் தடவை அந்தத் தாளைப் பார்த்துவிட்டுச் சென்னம்மா காலை ஏழரை மணிக்கே வாசலில் வந்து நின்றாள். பன்னிரண்டரை என்று போட்டிருந்ததே! ரமணன் தலையில் கை வைத்துக்கொண்டான். அந்தத் தாளில் இருப்பது சீமை நேரம், நம் கடியாரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டான். அவன் சென்னையில் இருக்க வேண்டியது சாயங்காலம் ஆறு மணிக்கு.

"வெள்ளைக்காரன் போயி அறுவது வருஷமாச்சு. இன்னும் அவன் கடியாரத்தப் பார்த்துத்தான் பறக்கறீங்களா?" என்றாள் சென்னம்மா. ரமணனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. போய்விட்டு ஒரு மணிக்கு வா என்றான். அவள் போகவில்லை. "போய்ட்டு வந்தா நான் அசந்துடுவேன் சாரு" என்று, தெருக்கோடி வேப்பமரத்தடியில் வண்டியை விட்டு, பின்சீட்டில் கால் நீட்டி நாலு மணி நேரம் தூங்கி எழுந்து வந்தாள்.

அதிலிருந்து உமாபதி வீட்டில் உட்கார்ந்து, தாளைப் பிரித்து, நேரத்தையெல்லாம் நம் நேரமாக மாற்றி, காலண்டரில் தெலுங்கில் எழுதிக் கொடுத்துவிடுவான். சென்னம்மா காலியாக ஏறி வரமாட்டாள். முதல் நாளே சத்தியவேட்டிலிருந்து மலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டு, மலையடிவாரத்து அலிபிரிப் பக்கம் பூக்கட்டி விற்கும் தன் சின்னம்மா மகள் சுந்தரி வீட்டில் படுத்துக்கொள்வாள். தானும் எட்டு மணி நேரம் தூங்காமல் சாவியைத் தொடமாட்டாள். வண்டிக்குள் பாட்டுக் கிடையாது. பின் ஜன்னலுக்குப் பச்சைத் துணியில் திரை, ஒரு தலையணை. ஹாரன் அடிப்பதை ஏதோ கெட்ட வார்த்தை பேசுவதுபோல் நினைப்பாள். அதே சமயம் வாய் மட்டும் பொல்லாத வாய். ஊத்துக்கோட்டையில் ஒரு தனியார் பஸ் டிரைவர் இடித்துக்கொண்டு வந்தபோது, ரமணன் தூங்குகிறான் என்பதையும் மறந்து இறங்கிப் போய், அவன் பாட்டன் வரைக்கும் இழுத்துவிட்டு வந்தாள்.

அலர்மேல்மங்கைக்கு இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அவளால் பொறுக்க முடியாதது ஒரே ஒரு விஷயம். டூட்டி இருக்கும் நாளில், கிளம்புவதற்கு முன்னால், வீட்டுப் போன் அடிக்கும்.

"அம்மா, சென்னம்மா பேசறேன். சாரு தூங்கினாரா?"

அவ்வளவுதான். ஆமாம் என்றால் வைத்துவிடுவாள். எத்தனை மணி நேரம் என்று சில நாள் கேட்பாள். முதல் வருஷம் அலர்மேல்மங்கை பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னாள். ஒரு நாள் வெடித்துவிட்டாள்.

"எம்புள்ள தூங்கினானா, குளிச்சானா, வெளிக்குப் போனானான்னு நீ யாருடி கேக்கறதுக்கு? வண்டிய ஓட்டறதோட உன் வேலை முடிஞ்சுது."

"சரி மா," என்றாள் சென்னம்மா அந்தப் பக்கத்திலிருந்து. "தூங்கினாரா?"

இன்னொரு வழக்கமும் இருந்தது. போகும் வழியில் சுருட்டப்பள்ளி வரும். ஆந்திர எல்லையில் கடைசி ஊர் அது. அங்கே சிவன் கோயில் இருக்கிறது. எங்குமே இல்லாத விதமாக அந்தச் சிவன் படுத்திருப்பார். விஷத்தைக் குடித்த அசதியில் அம்மன் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கிறார் என்பார்கள். கோயில் மதில் கண்ணில் பட்டதும் சென்னம்மா மெதுவாகக் கேட்பாள்: "சாரு, இன்னிக்கு எந்தெந்த ஊரு?" ரமணன் கண்ணைத் திறந்து, தாளைப் பார்க்காமல், அன்றைக்குப் போய்வர வேண்டிய ஊர்களை வரிசையாகச் சொல்வான். "சென்னை, விசாகப்பட்டணம், சென்னை, கொச்சி, மறுபடி சென்னை." அவளுக்கு ஊர் பெயர் கேட்க ஆசை என்றுதான் அவன் நினைத்திருந்தான். பார்த்திராத ஊர்களை இப்படியாவது பார்க்கிறாள் என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

நாலு வருஷம் இப்படிப் போயிற்று. இரண்டாயிரத்துப் பதினொன்றில் ரமணனுக்குக் கேப்டன் பரீட்சையெல்லாம் முடிந்தது. தோளில் மூன்று கோடாக இருந்தது நாலாகப் போகிறது. அலர்மேல்மங்கை இதற்காக மூன்று வருஷத்துக்கு முன்பே வேண்டிக்கொண்டிருந்தாள். நாலாவது கோடு வந்தால், அந்தக் கோட்டோடு அவன் முதல் தடவை விமானம் ஏறுவதற்கு முன்னால், அலிபிரியிலிருந்து இரண்டு பேரும் நடந்தே மலையேறி, அவனுக்கு மொட்டை போட்டு, தர்ம தரிசனத்தில் நின்று சாமியைப் பார்ப்பது என்று.

உத்தரவு வந்தது வைகாசி மாதம், ஒரு திங்கட்கிழமை. புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குச் சென்னையில் இருக்க வேண்டும். கேப்டனாக முதல் நாள். நடுவில் செவ்வாய்க்கிழமை முழுசாக லீவு. சாமியே நாள் குறித்துக் கொடுத்துவிட்டார் என்று அவள் கும்பிட்டாள்.

செவ்வாய்க்கிழமை விடிகாலை இரண்டு மணிக்கு எழுந்து, மூன்று மணிக்கு அலிபிரியில் படியேற ஆரம்பித்தார்கள். மேலே போய் மொட்டை போட்டு, குளித்து, வரிசையில் நுழையும்போது பதினொரு மணி. பள்ளிக்கூட லீவு காலம், ஜனமோ ஜனம். டிக்கெட் வாங்கிச் சீக்கிரம் போய்விடலாம் என்று ரமணன் கெஞ்சினான். "வேண்டிக்கினது ஒண்ணு, செய்யறது ஒண்ணா?" என்றாள் அம்மா. கம்பார்ட்மெண்டில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள். சாயங்காலம் ஆயிற்று, இரவு ஆயிற்று, குழந்தைகள் அழுதன, கோவிந்தா கோவிந்தா என்று கூட்டம் எழுந்து எழுந்து உட்கார்ந்தது. சாமியைப் பார்த்தபோது புதன்கிழமை காலை ஏழு மணி. வீட்டுக்கு வந்தபோது பத்தரை. ஒரு மணிக்குக் கிளம்ப வேண்டும். படுக்கலாம் என்று பார்த்தால், நாலு கோடு போட்ட சட்டையைப் பார்க்க அக்கம்பக்கம் மொத்தமும் வந்துவிட்டது.

அன்றைக்கு அவளும் சென்னை வருவதாக இருந்தாள். பிள்ளை நாலு கோட்டோடு ஏர்போர்ட்டுக்குள் நுழைவதை வாசலிலிருந்து பார்க்க வேண்டும் என்று ஆசை.

சென்னம்மா பன்னிரண்டரைக்கு வந்தாள். மொட்டைத் தலையும் சந்தனமுமாக நின்ற ரமணனைப் பார்த்தாள். கேட்டுக்கு வெளியே நின்றபடியே அவன் அம்மாவைக் கேட்டாள்.

"நேத்து போன் அடிச்சேன், யாரும் எடுக்கல. சுந்தரி சொன்னா, விடிகாலையே படியேறினீங்கன்னு. சாரு தூங்கினாரா மா?"

"தூங்கினான் தூங்கினான். மேல ரூம் எடுத்துத் தூங்கினான்," என்றாள் அலர்மேல்மங்கை.

நெற்றியில் நாமம் காய்வதற்குள் சொன்ன பொய். நல்ல காரியத்துக்குப் போகும்போது இவள் வேறு குறுக்கே கேள்வி கேட்கிறாளே என்ற எரிச்சலில் வந்துவிட்டது. ரமணன் உள்ளே ஷூ போட்டுக்கொண்டிருந்தான், அவன் காதில் விழவில்லை.

வண்டி ஏறியதும் ரமணன் தலையணையில் சாய்ந்தான். ஆனால் அன்றைக்குப் பார்த்து அம்மா பக்கத்தில் இருக்கிறாள், வழியெல்லாம் சொந்தக்காரர்கள் போன் போட்டு வாழ்த்துகிறார்கள், தூங்கவில்லை. நாராயணவனம் போயிற்று, பிச்சாட்டூர் போயிற்று. மணி இரண்டே முக்கால். கோயில் மதில் தெரிந்தது.

"சாரு, இன்னிக்கு எந்தெந்த ஊரு?"

ரமணன் கண்ணைத் திறந்தான். "சென்னை… மதுரை. மதுரை, சென்னை. அப்புறம் கொச்சி."

"சீட்டுல ஐதராபாத்துன்னு எழுதிக் கீதாமே, எங்க வூட்டுக்காரரு சொன்னாரு."

"ஆமா. ஐதராபாத். ஐதராபாத்துதான்."

"அப்போ மதுரை?"

"மதுரை இல்ல. அது… கோயமுத்தூர்."

சென்னம்மா கோயிலுக்கு எதிரே வேப்பமர நிழலில் வண்டியை ஒதுக்கி, எஞ்சினை நிறுத்தி, சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"என்னக்கா, டயரா?"

"டயரு நல்லா கீது. நீங்கதான் நல்லா இல்ல. இந்த நாலு வருஷத்துல ஒரு ஊரு மாத்திச் சொன்னதில்ல சாரு நீங்க. இன்னிக்கு மூணு மாத்திட்டீங்க."

ரமணனுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. "விளையாடாத அக்கா. ஏதோ வாய் தவறிடுச்சு. தாள்ல பாரு, எனக்கு நேத்து முழுசா ரெஸ்ட்டு. சட்டப்படி எல்லாம் சரியா இருக்கு. எடு வண்டிய."

"தாளு தூங்கிச்சா, நீங்க தூங்கினீங்களா?"

"நீ சுமோ ஓட்டறவ. நான் ப்ளேன் ஓட்டறவன். என்னால முடியுமா முடியாதான்னு எனக்குத் தெரியும்."

"எங்க வூட்ல ஒருத்தரு உக்காந்துக்கினு கீறாரே, அவரும் தெரியும்னுதான் சொன்னாரு. மரத்துல முட்டறதுக்கு முன்னால இன்னா ஆச்சு தெரியுமா சாரு? பிச்சாட்டூரு வந்துச்சா, தாண்டிட்டோமான்னு அவருக்கே தெரியல. அத யோசிச்சுக்கினே இருந்தாராம். மொதல்ல போறது ஊரு பேருதான். அதுக்குத்தான் இங்க வந்தா உங்கள ஊரு கேக்கறேன். பாட்டுக் கேக்கறாப்புல கேக்கறேன்னு நெனச்சீங்களா?"

ரமணனின் முகம் சிவந்துவிட்டது. நாலாவது கோட்டின் முதல் நாள். இன்றைக்கு வரவில்லை என்று சொன்னால் ஆபீசில் என்ன நினைப்பார்கள்? முதல் நாளே காலை வாரினவன் என்ற பெயர் அழியுமா?

"சாவிய இப்போ குடுக்கலன்னா நாளையிலேர்ந்து நீ வர வேணாம்," என்றான்.

சென்னம்மா வீட்டுச் சோறு ரமணனின் சவாரியில்தான் வெந்துகொண்டிருந்தது. அது வண்டியில் இருந்த மூன்று பேருக்குமே தெரியும்.

"சரி சாரு," என்றாள் சென்னம்மா. "நாளையிலேர்ந்து வரல. இன்னிக்குச் சாவி குடுக்கல."

பிறகு பின்பக்கம் திரும்பி அலர்மேல்மங்கையைப் பார்த்தாள். குரல் தணிந்துதான் இருந்தது.

"அம்மா. கெளம்பும்போது கேட்டேன், தூங்கினாருன்னீங்க. நம்பித்தான் வண்டிய எடுத்தேன். இப்போ மறுபடியும் கேக்கறேன். தூங்கினாரா?"

அலர்மேல்மங்கை மகனைப் பார்த்தாள். மொட்டைத் தலையில் சந்தனம் வெடித்திருந்தது. கண் இரண்டும் கோவைப்பழமாக இருந்தன. மடியில் புதுத் தொப்பி. இவன் இன்று போகாவிட்டால் வேண்டுதல் என்ன ஆவது? மூவாயிரத்து ஐந்நூறு படி ஏறி, ஒரு ராப்பகல் நின்று, கடைசியில் ஒரு வேப்பமரத்தடியில் காரியம் கெட்டதென்றால் ஊர் என்ன சொல்லும்? தூங்கினான் என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டால் போதும். சாவி வந்துவிடும்.

அந்தச் சமயத்தில் கோயில் வாசலில் ஒரு டூரிஸ்ட் பஸ் வந்து நின்றது. மலையிலிருந்து இறங்கி வருகிற கூட்டம். புருஷன், பெண்டாட்டி, இடுப்பில் கைக்குழந்தை, மூன்று பேருக்கும் மொட்டை, மூன்று தலையிலும் சந்தனம். கையில் லட்டுப் பை. நேற்று ராத்திரி கம்பார்ட்மெண்டில் பக்கத்தில் உட்கார்ந்து அழுத குழந்தை இதுவா, வேறா என்று தெரியவில்லை. இப்படிப்பட்டவர்கள்தானே இன்று சாயங்காலம் அவன் பின்னால் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு உட்காரப் போகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

"இல்ல," என்றாள் அலர்மேல்மங்கை. "நேத்து விடிகாலை ரெண்டு மணிக்கு எழுந்தவன். அப்புறம் கண்ண மூடவே இல்ல. நான்தான் பொய் சொன்னேன்."

ரமணன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். கதவைத் திறந்து இறங்கி, கோயில் படியில் போய் உட்கார்ந்து போன் போட்டான். கால் மணி நேரம் பேசினான். திரும்பி வந்தபோது நடையே தள்ளாடியது.

"தூங்கல, ஓட்டற நிலைமைல இல்லைன்னு சொல்லிட்டேன். வேற கேப்டனைக் கூப்பிட்டுட்டாங்க. நாளைக்கு வந்து எழுதிக் குடுக்கணுமாம்."

சென்னம்மா கோயிலைக் காட்டினாள்.

"விசம் குடிச்ச சாமியே படுத்துக்கினு கீற ஊரு இது. நீங்க படுத்தா ஒண்ணும் கொறஞ்சு பூடாது. ஏறுங்க."

திருப்பதிக்குத் திரும்ப இரண்டு மணி நேரம். சத்தியவேடு அரை மணி. நேராகத் தன் வீட்டுக்கு ஓட்டிப் போனாள். ஓட்டு வீடு, ஒரே ஒரு கயிற்றுக் கட்டில். ரமணன் ஷூவைக் கழற்றியதுதான் தெரியும். மறுநாள் விடிகிற வரைக்கும் பிணம் மாதிரித் தூங்கினான்.

அலர்மேல்மங்கை அந்தக் கட்டிலின் கால்மாட்டில் பாயைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். உமாபதி ஒற்றைக் காலோடு அடுப்படியில் நின்று சோறு வடித்து, முருங்கைக்கீரைக் குழம்பு வைத்தான். தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சாப்பிடுவாளோ மாட்டாளோ என்று தயங்கி நின்றான். அவள் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். சாப்பிடும்போது கண்ணீர் வந்தது.

"அழாதீங்க மா," என்றான் உமாபதி. "நாலு கோடு எங்க ஓடிடப் போவுது? சட்டைலதான தெச்சு கீது."

மறுநாள் ரமணன் சென்னை போய் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தான். லீவு நாளில் தூங்காமல் மலையேறப் போனதற்கு ஒரு மேலதிகாரி நன்றாகத் திட்டினார். தூங்கவில்லை என்று சொல்லி விமானத்தில் ஏறாததற்கு அவரே கை கொடுத்தார். அடுத்த தேதி ஏழு நாள் தள்ளிக் கொடுத்தார்கள்.

அந்த ஏழு நாளும் ரமணன் சென்னம்மாவுக்குப் போன் செய்யவில்லை. வெட்கமா, கோபமா, அவனுக்கே தெரியவில்லை. சென்னம்மா அந்தச் சவாரி போயிற்று என்றே முடிவு கட்டி, ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் புதிதாக வந்த ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேலையை விசாரித்துவிட்டு வந்திருந்தாள். ஆறாம் நாள் மலைக்குச் சவாரி வந்து சுந்தரி வீட்டில் படுத்திருந்தவளுக்கு, ஏழாம் நாள் காலையில் போன் அடித்தது.

"சென்னம்மா, அலர்மேல்மங்கை பேசறேன். சுந்தரி வீட்டுலதான் கீறியா? எட்டு மணி நேரம் தூங்கினான். கதவண்ட நாற்காலி போட்டு உக்காந்து, போன எடுத்து ஒளிச்சு வெச்சு, ஒரு ஈயக்கூட உள்ள விடல. மணி பதினொண்ணு ஆவுது, நீ எப்போ வர்றே?"

சென்னம்மா வந்தபோது கேட் திறந்திருந்தது. வழக்கம்போல வெளியே நின்றாள்.

"அங்க இன்னாடி நிக்கறே? உள்ள வா. தோசை ஆறுது," என்று குரல் வந்தது. கூடத்தில், ரமணன் பக்கத்தில், அவளுக்கும் ஒரு தட்டு வைத்திருந்தது. முதல் தோசையைப் போட்டுவிட்டு அலர்மேல்மங்கை கரண்டியோடு நின்று கேட்டாள்:

"நீ தூங்கினியா?"

சென்னம்மா நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கேள்வியை அவளை யாரும் கேட்டதில்லை. "தூங்கினேன் மா," என்றாள். "ஒம்போது மணி நேரம்." ரமணன் தோசையைப் பார்த்துக்கொண்டே, "சென்னை, விஜயவாடா, சென்னை, பெங்களூர், சென்னை," என்றான்.

"அத சுருட்டப்பள்ளில வந்து சொல்லுங்க," என்றாள் அவள்.

மறு வருஷம் ரமணனின் பேஸ் பெங்களூருக்கு மாறியது. சென்னம்மா சித்தூர், பலமநேர், முல்பாகல் வழியாக அந்த ரோட்டையும் பழகிக்கொண்டாள். ஊர் கேட்கிற இடம் மட்டும் பலமநேர் மேட்டுக்கு மாறிற்று. நடுவழியில் சம்பத் வீட்டில் அவளுக்குக் காபி. அவளைப் பற்றிக் கேள்விப்பட்டு, சித்தூரிலிருந்தும் வேலூரிலிருந்தும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வந்த இன்னும் இரண்டு பைலட்டுகள் அவள் வண்டிக்கு வந்தார்கள். அவர்கள் வீட்டுக்கும் போன் போயிற்று. ஒரு வீட்டில் மாமியார் சண்டைக்கு வந்தாளாம். இரண்டாயிரத்துப் பதினைந்தில், அதற்குள் கல்யாணமாகியிருந்த ரமணன் வளைகுடா கம்பெனி ஒன்றில் சேர்ந்து பெண்டாட்டி பிள்ளையோடு தோகாவுக்குப் போனான். அலர்மேல்மங்கை மலையை விட்டு வரமாட்டேன் என்று திருப்பதியிலேயே இருந்துவிட்டாள். லீவில் அவன் வரும்போதெல்லாம் மீனம்பாக்கத்தில் நின்று அழைத்து வந்தது சென்னம்மாதான். அப்படி வரும்போது அவன் வழியெல்லாம் தூங்குவான்; சுருட்டப்பள்ளியில் எழுப்பமாட்டாள்.

சென்னம்மா இப்போது சத்தியவேட்டில் உமாபதியோடு இருக்கிறாள். ஸ்ரீசிட்டியில் காலை ஷிப்டுக்குப் போகும் பெண்களின் வேன் ஒன்றை ஓட்டுகிறாள்.